முதல் குண்டு வீட்டுக்குள்ளே

அமெரிக்காவுல பள்ளிக்கூடத்துல துப்பாக்கிச் சூடுன்னு செய்தி வந்தா, 'வீடியோ கேம்தான் காரணம்'னு ஒரு கூட்டம் கிளம்பிடும். 1999-ல் கொலம்பைன் நடந்தப்போ நானும் அந்தக் கூட்டத்துலதான் இருந்தேன். அப்புறம்தான் 1927 பத்திப் படிச்சேன். மிச்சிகன் மாநிலத்துல பாத்-னு ஒரு சின்ன ஊர். பள்ளி நிர்வாகக் குழுவிலேயே இருந்த ஒரு விவசாயி, கட்டிடத்துக்கு அடியில டைனமைட் வச்சு வெடிச்சான். 38 குழந்தைகள் செத்துப்போனாங்க. டிவியே வராத காலம் சார் அது! பள்ளிக்கூடத்துக்கும் முன்னாடி அவன் செய்த முதல் கொலை யாரைத் தெரியுமா? பொண்டாட்டியை.

(கொலைகாரனுங்க பேரை இங்கே எழுதப் போறதில்லை. பேருக்காகவே செய்யறவனும் இருக்கான்.)

அப்புறம் ஒவ்வொண்ணா தேடிப் பார்த்தேன். 1966, டெக்சாஸ் பல்கலைக்கழகம். கோபுரத்து மேலேர்ந்து சுட்டவன், சில மணி நேரம் முன்னாடிதான் அம்மாவையும் மனைவியையும் கொன்னிருந்தான். 2012, சாண்டி ஹூக். 20 குழந்தைகள், 6 பெரியவங்க. அதுக்கு முன்னால வீட்டுல அம்மா. 2022, யுவால்டி. முதல்ல பாட்டி முகத்துல சுட்டான். நல்லவேளை, அந்தம்மா பிழைச்சுட்டாங்க. பள்ளிக்கூடத்துல 21 பேர் பிழைக்கல.

எல்லாமே இப்படித்தான்னு சொல்ல வரலை. 2019 எல் பாசோவும் 2022 பஃபலோவும் அப்பட்டமான இனவெறி. 2007-ல் வர்ஜீனியா டெக்கில் செத்த 32 பேர்ல கோபிச்செட்டிபாளையம் பக்கத்துலேர்ந்து போன தமிழ்ப் பேராசிரியர் ஒருத்தரும் இருந்தார். அங்கேயும் வீட்டுக் கதை இல்லை.

ஆனா கணக்கு வேற சொல்லுது. அமெரிக்கக் காங்கிரஸோட ஆய்வுப் பிரிவு 2015-ல் ஒரு அறிக்கை போட்டது. நாலு பேர் அல்லது அதுக்கு மேல சுட்டுக் கொல்லப்பட்ட சம்பவங்கள் 1999-லேர்ந்து 2013 வரை வருஷத்துக்குச் சராசரி 21. அதுல பொது இடத்துல நடந்தது 4.4. குடும்பத்துக்குள்ளேயே நடந்தது 8.5, கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு! மிச்சம் கொள்ளை, கும்பல் சண்டை வகையறா. நமக்கு ஞாபகம் இருக்கறது அந்த 4.4 மட்டும்தான். பொண்டாட்டி புள்ளைங்களைச் சுட்டுட்டுத் தானும் செத்தவன் கதை உள்ளூர் பேப்பரோட போயிடுது. 'குடும்பப் பிரச்சனை'யாம்!

இந்த அலட்சியத்துக்கு விலை உண்டு. 2017, சதர்லேண்ட் ஸ்பிரிங்ஸ் சர்ச். சுட்டவன் விமானப்படையில இருந்தப்போ, 2012-லேயே, மனைவியையும் அவங்க கைக்குழந்தையையும் அடிச்சதுக்கு ராணுவ நீதிமன்றத்துல தண்டனை வாங்கினவன். சட்டப்படி அவனுக்குத் துப்பாக்கி விக்கவே கூடாது. ஆனா விமானப்படை அந்தத் தகவலை எஃப்.பி.ஐ.க்கு அனுப்பலை. கடைக்குப் போனான், வாங்கினான். அவன் தேடிப் போனது ரெண்டாவது மனைவியோட அம்மா வழக்கமா வர்ற சர்ச். அன்னிக்கு அவங்க வரலை. மனைவியோட பாட்டி வந்திருந்தாங்க.

பொண்டாட்டியை அடிக்கிறவன் கையில துப்பாக்கி இருக்கக் கூடாதுங்கறதுக்கு இன்னுமா விவாதம்னு கேட்கத் தோணுது. விவாதம் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சுங்க. நீதிமன்றத் தடை உத்தரவு இருக்கறவன்கிட்டேர்ந்து துப்பாக்கியைப் பறிக்கலாம்னு 2024-ல்தான் தீர்ப்பு வந்தது. எட்டுக்கு ஒண்ணு.