வெளிநாட்டு ரயில் டிக்கெட்டும் நம் வியாபாரிகளும்

சரக்குப் பார்க்கவும் இயந்திரம் பார்க்கவும் நம் பகுதி வியாபாரிகள் வெளிநாடு சென்று வருவது இப்போது சகஜமாகிவிட்டது. விமான டிக்கெட்டுக்கு நாலு இடத்தில் விலை கேட்கிறோம். அங்கே போய் ஏறும் ரயிலுக்கு மட்டும் ஏஜெண்டு கொடுத்ததை வாங்கிப் பையில் வைத்துக்கொள்கிறோம். இது சரியல்ல என்பது என் அபிப்பிராயம்.

2016-ல் ஜெர்மனியின் டுசல்டார்ஃப் நகரில் நடந்த துரூபா அச்சுத்தொழில் கண்காட்சிக்கு, காகித வியாபாரி என்ற முறையில் சிவகாசி அச்சக நண்பர்கள் மூவருடன் போயிருந்தேன். ஒரு நாள் பழைய இயந்திரம் ஒன்றைப் பார்க்க வெளியூர் சென்றோம். விலை பேசி முடிக்க நேரமாகிவிட்டதால், திரும்பும்போது அடுத்த ரயிலில் ஏறினோம். எங்களிடம் இருந்த மலிவு டிக்கெட் முந்தைய ரயிலுக்கு மட்டுமே செல்லும் என்று பரிசோதகர் சொல்லிவிட்டார். நாலு பேருக்கும் முழுக் கட்டணத்தில் புது டிக்கெட் எடுத்தோம். தவறு எங்களுடையதுதான். நிபந்தனை டிக்கெட்டிலேயே அச்சாகியிருந்தது. அதைப் படிக்காமல் விட்ட நால்வரில் மூவர் அச்சுத் தொழில் செய்கிறவர்கள்!

நம் ஊரில் டிக்கெட் என்றால் ஸ்லீப்பரா, ஏ.சி.யா என்றுதான் பார்ப்போம். அங்கே வகுப்பைவிட நிபந்தனைதான் முக்கியம். ஜெர்மனியில் 'ஸ்பார்பிரைஸ்' என்பது மலிவு டிக்கெட். நீண்டதூரப் பயணத்தில் குறித்த ரயிலுக்கு மட்டும் செல்லும். 'ஃப்ளெக்ஸ்பிரைஸ்' விலை கூடுதல். அன்றைய தினம் அந்தத் தடத்தில் எந்த ரயிலிலும் ஏறலாம். ரயில் தாமதத்தால் ஊர் போய்ச் சேர 20 நிமிடமோ அதற்கு மேலோ பிந்தும் என்றால், மலிவு டிக்கெட்காரரும் வேறு ரயிலில் போகலாம். நம் பேச்சுவார்த்தை நீண்டால் அந்தச் சலுகை கிடையாது. ஆகவே போகும்போது மலிவு டிக்கெட், திரும்பும்போது ஃப்ளெக்ஸ்பிரைஸ் என்பதே வியாபாரிக்குச் சரியான கணக்கு.

பாஸ் விஷயத்திலும் கணக்குப் போட வேண்டும். யூரெயில் பாஸ் இருந்தாலும் பிரான்சு, இத்தாலி அதிவேக ரயில்களில் இருக்கைக்குத் தனிக் கட்டணம் உண்டு. ஜப்பானில் 7 நாள் பாஸ் 29,650 யென்னாக இருந்தது. 2023 அக்டோபரில் 50,000 யென் ஆக்கிவிட்டார்கள். டோக்கியோவிலிருந்து ஒசாகா போய்வர சுமார் 30,000 யென்தான். அந்த ஒரு பயணத்துக்காகப் பாஸ் வாங்குகிறவருக்கு 20,000 யென் நஷ்டம். பழைய விலைக் காலத்தில் போய்வந்தவர் சொன்ன யோசனையை இன்றைக்கும் நம்பி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

சங்கத்தின் சார்பில் வெளிநாட்டுச் சுற்றுப்பயணம் ஏற்பாடு செய்யும்போது, ஒவ்வொரு ரயில் டிக்கெட்டின் நிபந்தனையையும் தமிழில் எழுதிக் கொடுக்கும் ஏஜெண்டுக்கே அட்வான்ஸ் கொடுப்பது என்று நிர்வாகிகள் முடிவெடுக்க வேண்டுகிறேன்.