ஆட்டுக்கு 25 கோடியா?

போன வாரம் கேன்டீன்ல ஒரு குட்டி க்விஸ். "தமிழ்நாட்டோட மாநில விலங்கு எது?" புலின்னான் ஒருத்தன், யானைன்னான் இன்னொருத்தன். விடை வரையாடுன்னு சொன்னதும் சேலத்துக்கார நண்பன் கேட்டான்: "எங்க மேச்சேரி ஆடு மாதிரியா மச்சி?"

எல்லாரும் சிரிச்சோம். ஆனா கேள்வி தப்பில்லை. மேச்சேரி ஆட்டுக்குக் கொம்பு கிடையாது. வரையாட்டுக் கிடாய்க்குப் பின்னால வளைஞ்ச கொம்பு சுமார் 40 செ.மீ. வரை வளரும். ஆனாலும் வரையாடு வெள்ளாட்டைவிடச் செம்மறிக்குத்தான் நெருங்கிய சொந்தம்னு மரபணு ஆய்வு சொல்லுது. சங்க இலக்கியத்துல இதுக்குப் பேரு வருடை.

2022-ல் தமிழக அரசு 25.14 கோடி ரூபாயில் நீலகிரி வரையாடு திட்டத்தை அறிவிச்சது. 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,031, 2025-ல் 1,303. "ஆட்டுக்கு 25 கோடியா? எங்க ஊர் ரோட்டைப் போடலாமே"ன்னான் நண்பன்.

என் பதில் இதுதான். அந்தக் காசு ஆட்டுக்கு மட்டும் இல்லை, புல்லுக்கும்தான். வரையாட்டுக்கு உயரமான மலைப் புல்வெளி வேணும். வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே அதைச் 'சும்மா கிடக்கிற நிலம்'னு நினைச்சு சீகை, பைன், யூகலிப்டஸ்னு நட்டுத் தள்ளினாங்க. ஆடு பாறை உச்சிக்கு ஒதுங்கிடுச்சு.

நாமக்கல் மாவட்டத்துக்காரங்களுக்கு இதுல என்ன? குமாரபாளையம் பாலத்துல நின்னு பாருங்க. எதிர்ல கூடுதுறை; அங்கே காவிரியில கலக்குற பவானி, நீலகிரிப் பக்கத்துத் தண்ணியையும் சேர்த்துக்கிட்டு வருது. மேல் பவானிப் பக்கத்துப் புல்வெளியும் சோலையும் மழையை ஸ்பாஞ்ச் மாதிரி உறிஞ்சி, மழை நின்ன பிறகும் கொஞ்சம் கொஞ்சமா விடும். காவிரித் தண்ணி முழுக்க அங்கிருந்துதான்னு சொல்ல வரலை. ஆனா நம்ம குழாயில வர்றதுல அந்தப் புல்லுக்கும் ஒரு பங்கு உண்டு.

நாம எஞ்சினியர் ஆகப்போறவங்க. நாளைக்கு ஒரு மேப்ல 'தரிசு'ன்னு எழுதப்போற கை நம்மளோடதா இருக்கலாம். என்.எஸ்.எஸ். கேம்ப்ல ஆயிரம் கன்னு நட்டு செல்ஃபி எடுக்கிறதுக்கு முன்னாடி, "இந்த இடம் முன்னாடி என்னவா இருந்துச்சு?"ன்னு ஒரு கேள்வி கேட்போம். மரம் இல்லாத இடமெல்லாம் வெத்து இடம் இல்லை மச்சி.

நண்பன் இன்னும் ரோடுதான் வேணும்ங்கிறான். சரி, ரோடும் வேணும். ஆனா அந்த ரோட்டுல தண்ணி லாரிக்குக் குடத்தோட நிக்கிற நிலைமை வேண்டாமே!