பிடில் கேட்ட தாய்

ஸ்காட்லாந்தின் தலைநகர் எடின்பரோவில் 1947-ல் உலகக் கலைவிழா ஒன்று பிறந்தது. போரின் புண் ஆறவில்லை. ரொட்டிக்குக்கூடப் பங்கீடு இருந்த காலம். ஆயினும் விழா எடுத்தனர். இசைவாணர் வந்தனர், நாடகக் குழுவினர் வந்தனர், பல நாட்டுச் செல்வரும் வந்தனர். நகரெங்கும் இசைவெள்ளம்! அந்த வெள்ளம், அதே நகரின் தென்கிழக்கு ஓரத்துக் கிரெய்க்மில்லரை மட்டும் நனைக்கவில்லை.

கிரெய்க்மில்லர் எத்தகைய இடம்? நகர நடுவிலிருந்த சேரிகளை அகற்றியபோது, அங்கிருந்த ஏழைகளை 1930-களில் கொண்டுவந்து குடியேற்றிய இடம். சுரங்கத்திலும் பீர் ஆலைகளிலும் உழைத்தவர்களின் குடியிருப்பு. வீடு தந்தது நகராட்சி. வீட்டுக்கு அப்பால் தந்தது மிகச் சொற்பம்.

அங்கு வாழ்ந்தவர் ஹெலன் கிரம்மி அம்மையார். 1962-ல் மகன் படிக்கும் பள்ளியின் தலைமையாசிரியரிடம் சென்று, பிள்ளைக்குப் பிடில் கற்றுத்தர இயலுமா என்று கேட்டார். எழுத்தும் கணக்கும் சொல்லித் தருவதற்கே எங்களுக்குப் பொழுது போதவில்லை என்ற பொருளில் மறுமொழி கிடைத்தது.

தலைமையாசிரியரை ஏசிவிடாதீர், நண்பரே! அவர் கண்ட நிலையைத்தான் அவர் சொன்னார். பிடில் வேறொரு வீதிப் பிள்ளைக்கு உரியது என்பதை அந்த வீதியும் பள்ளியும் ஒருங்கே ஒப்புக்கொண்டிருந்தன. ஒப்பாதவர் அந்தத் தாய் ஒருவரே.

அவர் மனு எழுதிக் காத்திருக்கவில்லை. பள்ளித் தாய்மாரைத் திரட்டினார். எம் பிள்ளைகளுக்குத் திறமை இல்லையா? மேடை ஏற்றிக் காட்டுவோம் என்றனர். தம் ஊரிலேயே தாமே விழா நடத்தினர். ஆண்டுதோறும் நடந்த விழா சங்கமாயிற்று. அண்டை வீட்டார் நடிகராயினர். தம் ஊர்க் கதையையும் தம் குறையையும் தாமே நாடகமாக்கினர்.

இனிமேல்தான் நீர் கூர்ந்து நோக்க வேண்டிய செய்தி! மேடையில் பேசப் பழகிய நா, நகராட்சி மன்றத்தின் முன்னும் பேசிற்று. வீடு, வேலை, போக்குவரத்து, முதியோர் நலன் என விரிந்த செயல்திட்டத்தை 1976-ல் அம்மக்களே வகுத்து வெளியிட்டனர். ஐரோப்பியச் சமூகத்தின் வறுமை ஒழிப்பு நிதியும் அவர்களைத் தேடி வந்தது. பாட்டுக்குக் கூடியவர்கள் ஆட்சியைக் கேள்வி கேட்டனர். கலை வயிற்றை நிரப்புமா என்று எள்ளும் தோழர்கள் நம்மிலும் உண்டு. அவர்களை இந்தப் பக்கத்தைப் படிக்கச் சொல்லுங்கள்.

சங்கம் இன்று இல்லை; பல்லாண்டு உழைத்து ஓய்ந்தது. அம்மையார் 2011-ல் மறைந்தார்.

பெரிய விழாவோ, பிறந்து 70 ஆண்டுகள் கழித்து, 2017-ல் அதே பகுதியின் காஸில்பிரே உயர்நிலைப் பள்ளியோடு தொடர்ந்து பணிபுரியும் திட்டத்தைத் தொடங்கியது. வரவேற்கிறோம். பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றி, இலவசச் சீட்டில் அமர்த்தி, கைதட்டச் சொல்லித் திருப்பியனுப்பும் வழக்கத்தைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் ஒன்று கேட்போம். என்ன கற்பிப்பது, எதை மேடையேற்றுவது என்று முடிவு செய்யும் மேசையில் கிரெய்க்மில்லர் தாய்மாருக்கு நாற்காலி உண்டா? அது இல்லையேல் வந்தது விருந்தாளி. போகும் நாளும் அவர் கையில்.

2014-ல் அம்மையாருக்கு அவ்வூரில் சிலை எழுப்பினர். தாய் நிற்கிறார், அருகே மகன். இருவருக்கும் இடையே, அன்று மறுக்கப்பட்ட அந்தப் பிடில்.