கல்லாப்பெட்டிக்கு வந்த கம்பெனி

பேடிஎம் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 2021 நவம்பர் 18-ல்தான் தொடங்குகிறார்கள். 18,300 கோடி ரூபாய்க்குப் பங்கு வெளியிட்டார்கள். அதுவரை இந்தியாவில் அவ்வளவு பெரிய வெளியீடு வந்ததில்லை. 2,150 ரூபாய்க்குக் கொடுத்த பங்கு, சந்தைக்கு வந்த முதல் நாளே 27 சதவீதம் விழுந்தது. பணம் போட்டவர்களின் வயிற்றெரிச்சல் நியாயமானது. ஆனால் பங்கு விலையை மட்டும் பேசிக்கொண்டிருந்தால், அந்தக் கம்பெனியை நம்பித் தங்கள் கல்லாவில் இடம் கொடுத்த சிறு கடைக்காரர்கள் கதையிலேயே இல்லாமல் போய்விடுகிறார்கள். எனக்கு அவர்கள்தான் முக்கியம். இந்த வளர்ச்சியில் பெரும்பங்கு அவர்களுடையது என்று நினைக்கிறேன்.

விஜய் சேகர் சர்மா உத்தரப் பிரதேசத்தின் அலிகர்க்காரர். இந்தி வழியில் படித்துவிட்டு டெல்லி பொறியியல் கல்லூரிக்கு வந்து ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டியவர். 2000-ல் ஒன்97 கம்யூனிகேஷன்ஸைத் தொடங்கினார். 2010-ல் அந்தக் கம்பெனி பேடிஎம்மைக் கொண்டுவந்தது. அப்போது அது செல்போனுக்கும் டிடிஎச்சுக்கும் ரீசார்ஜ் செய்கிற இடம், அவ்வளவுதான். வாலட் வந்தது 2014-ல்.

ஏன் வாலட் தேவைப்பட்டது என்று இன்றைய கல்லூரிப் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. அன்று கார்டு போட்டு இணையத்தில் பணம் கட்டுவது தினம் ஒரு சோதனை. கார்டு எண்ணை அடித்து, ஓடிபிக்காகக் காத்திருந்து, அது வருவதற்குள் பக்கம் உறைந்துபோகும். கணக்கில் பணம் பிடித்திருப்பார்கள், டிக்கெட் வந்திருக்காது. வாலட்டில் ஒருமுறை பணத்தைப் போட்டுவைத்தால் ஒவ்வொரு முறையும் வங்கிக் கதவைத் தட்ட வேண்டாம். 2014-ல் உபர் டாக்ஸி பேடிஎம் வாலட்டை ஏற்றுக்கொண்டதற்கும் இதுதான் காரணம். ஒவ்வொரு கார்டுப் பரிமாற்றத்துக்கும் இரண்டாவது சரிபார்ப்பு கட்டாயம் என்று ரிசர்வ் வங்கி கறாராகச் சொன்னதும், பயணம் முடிந்தவுடன் தானாகப் பணம் பிடிக்கும் உபரின் வழக்கம் இங்கே செல்லாமல் போயிற்று. அந்த இடைவெளியில் வாலட் நுழைந்தது.

ஆனால் வாலட் பணம் அரைப் பணம்தான். அதற்கு வட்டி கிடையாது, வைப்புத்தொகைக் காப்பீடு கிடையாது. ஒரு கம்பெனி வாலட்டிலிருந்து இன்னொரு கம்பெனி வாலட்டுக்கு அன்று அனுப்பவும் முடியாது. இவ்வளவு குறை இருந்தும் அது வளர்ந்ததற்குக் காரணம் 2016 நவம்பர் 8 இரவு.

புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் 86 சதவீதம் அன்று நள்ளிரவோடு செல்லாததாயிற்று. மறுநாள் காலைச் செய்தித்தாள்களில் பிரதமர் படத்தோடு பேடிஎம்மின் முழுப் பக்க விளம்பரம் வந்தது. அதற்கு எழுந்த கண்டனத்தில் நியாயம் இருந்தது. நாட்டு மக்கள் ஏடிஎம் வாசலில் நின்றுகொண்டிருந்தபோது அதை ஒரு கம்பெனி கொண்டாடியது கண்ணை உறுத்தியது. ஆனாலும் அந்த வாரங்களில் நடந்த இன்னொன்றைச் சொல்லாமல் விட முடியாது. அதுவரை கார்டு தேய்க்கும் இயந்திரம் என்றால் ஜவுளிக்கடை, நகைக்கடை, பெரிய ஓட்டல். அதற்கு வங்கியில் நடப்புக் கணக்கு வேண்டும், வாடகை கட்ட வேண்டும், ஒவ்வொரு விற்பனையிலும் வங்கிக்கு ஒரு பங்கு போகும். தள்ளுவண்டிக்காரர் அந்தப் பக்கமே போகவில்லை. பேடிஎம் ஆட்கள் அவரிடம் கொண்டுபோனது கியூஆர் கட்டம் அச்சிட்ட ஒரு தாள். செல்லோடேப்பில் ஒட்டினால் போதும். இயந்திரமே இல்லாமல் பணம் வாங்கலாம் என்பதைத் தெருவுக்குக் காட்டியது அந்தத் தாள்தான். பேடிஎம்மின் உண்மையான சாதனையும் வாலட்டைவிட அதுதான்.

வாலட்டின் ஆயுள் நீளவில்லை. அதே 2016-ல் தேசியப் பரிவர்த்தனைக் கழகம் யுபிஐயைக் கொண்டுவந்தது. எந்தச் செயலியிலிருந்தும் எந்த வங்கிக் கணக்குக்கும் நேராகப் பணம் போகும். நடுவில் வாலட்டில் நிறுத்திவைக்க வேண்டிய அவசியமே இல்லை. அந்த டிசம்பரில் மாதம் முழுக்க நடந்த யுபிஐ பரிமாற்றங்கள் சுமார் 20 லட்சம். 2025 ஆகஸ்டில் அது 2,000 கோடியைத் தாண்டியது. வாடிக்கையாளர்களில் பெரும்பகுதியை போன்பேயும் கூகுள் பேயும் கொண்டுபோய்விட்டன. பேடிஎம்மிடம் மிஞ்சியது கடைகள். அங்கேயும் ஒரு சிக்கல்: 2020 ஜனவரி 1 முதல் யுபிஐயில் வாங்கும் பணத்துக்குக் கடைக்காரரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்றது அரசு. அது நல்ல முடிவு என்பதே என் கருத்து. கட்டணம் இருந்திருந்தால் பத்து ரூபாய் டீக்கு யாரும் கியூஆர் தாள் ஒட்டியிருக்க மாட்டார்கள். ஆனால் கம்பெனி எதை வைத்துப் பிழைப்பது?

பேசும் பெட்டி அங்கேதான் வருகிறது. எங்கள் பகுதியில் சாயங்காலம் மட்டும் நடக்கும் ஒரு வடைக்கடை. அக்கா எண்ணெய்ச் சட்டியை விட்டுக் கண்ணெடுக்க முடியாது, இரண்டு கையும் மாவு. முன்பெல்லாம் வாங்குகிறவர்கள் போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டி, பச்சை டிக்கைக் காட்டிவிட்டுப் போவார்கள். நேற்று அனுப்பியதன் ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டி ஏமாற்றியவர்களும் உண்டு. இப்போது சிம் கார்டு போட்ட ஒரு சின்னப் பெட்டி பொட்டலக் காகிதத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. வங்கியிலிருந்து தகவல் வந்தவுடன் தொகையைத் தமிழில் சத்தமாகச் சொல்கிறது. போன வாரம் நான் நின்றிருந்தபோது, அக்கா திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒரு பையனிடம், "இருபதுன்னுதான் தம்பி சொல்லுச்சு. மூணு வடை எடுத்தீங்கல்ல?" என்றார். அவன் அவசரமாக இன்னொரு பத்து ரூபாயை அனுப்பினான். பெட்டி அதையும் சொன்னது.

அந்த அக்காவுக்கு இது பெரிய பலம். போனைக் கடையில் வைத்துவிட்டுப் போக வேண்டியதில்லை, அம்மா உட்கார்ந்தாலும் வியாபாரம் நடக்கும். இந்தப் பெட்டிகளைப் பேடிஎம் 2019-ல் இறக்கத் தொடங்கியது. பெட்டி, கார்டு இயந்திரம் எல்லாம் சேர்த்து, மாத வாடகை கட்டும் கருவிகளின் எண்ணிக்கை 2023 முடிவில் ஒரு கோடியைத் தாண்டியது. போட்டிக் கம்பெனிகளும் பின்னாலேயே வந்துவிட்டன. பரிமாற்றத்தில் கிடைக்காத காசு, சத்தம் போடும் பெட்டியின் வாடகையில் கிடைக்கிறது.

வாடகையில் ஒரு குறை இருக்கிறது. அக்காவின் பெட்டி ஒருமுறை சார்ஜ் ஏறாமல் வாரக்கணக்கில் ஊமையாகக் கிடந்தது. எந்தக் கம்பெனிப் பெட்டி என்பது இங்கே வேண்டாம். வாடகை மட்டும் வரவிலிருந்து போய்க்கொண்டே இருந்தது. பெட்டியை வைத்துவிட்டுப் போன பையனின் நம்பர் மாறிவிட்டது. பிடித்தம் நடக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது; மகன் ஆங்கிலத்தில் இருந்த கணக்கைப் படித்துச் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

வாடகையைவிடப் பெரிய விஷயம் கடன். கடையில் தினம் எவ்வளவு வருகிறது, மழை பெய்தால் எவ்வளவு குறைகிறது, தீபாவளிக்கு எவ்வளவு ஏறுகிறது என்பதெல்லாம் கம்பெனிக்குத் தெரியும். அதை வைத்து வங்கியல்லாத நிதி நிறுவனங்களிடம் கடன் வாங்கிக் கொடுத்து, தினசரி வரவிலேயே தவணையைப் பிடித்துக்கொள்கிறார்கள். தமிழ்நாட்டுச் சந்தைக்காரர்களுக்கு இது புதிதல்ல. காலையில் ஒன்பதாயிரம் கையில் கொடுத்துவிட்டு, தினம் நூறு வீதம் நூறு நாளைக்கு வந்து நிற்கிற தண்டல்காரரை அவர்களுக்கு நன்றாகத் தெரியும். ரசீது இல்லாத அந்தத் தண்டலைவிட, வட்டி விகிதம் எழுதிக் கொடுக்கிற கடன் ஆயிரம் மடங்கு மேல். சிட்டையில் பென்சிலால் எழுதிய கணக்கைக் காட்டி எந்த வங்கியிலும் கடன் வாங்க முடியாத ஒருவருக்கு, முதல்முறையாகத் தன் வியாபாரத்தை நிரூபிக்க ஒரு சான்று கிடைத்திருக்கிறது. இந்த வளர்ச்சியில் நான் மனதார வரவேற்கிறது இதைத்தான்.

அந்தச் சான்று அவருடைய உழைப்பில் உருவானது. அது அவருக்கு எதிராகத் திரும்பும்போதுதான் வலிக்கிறது. 2025 ஜூலையில் பெங்களூரில் அது நடந்தது. யுபிஐ வரவுகளை வைத்துக் கர்நாடக வணிகவரித் துறை, ஜிஎஸ்டி கட்டவில்லை என்று பேக்கரி, காய்கறிக் கடை, டீக்கடைக்காரர்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. ஆண்டு விற்பனை சரக்குக்கு 40 லட்சம், சேவைக்கு 20 லட்சம் தாண்டினால் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். தாண்டியவர்கள் கட்டத்தான் வேண்டும். ஆனால் வரவெல்லாம் விற்பனை ஆகாது. மச்சான் திருப்பிக் கொடுத்த கைமாற்றும் சீட்டுப் பணமும் அதே கணக்கில்தான் வருகின்றன. காய்கறி மாதிரி வரியே இல்லாத சரக்கை விற்கிறவருக்கும் நோட்டீஸ் போயிற்று. விளைவு, பல கடைகளில் கியூஆர் தாளைக் கிழித்துவிட்டு, ரொக்கம் மட்டும் என்று எழுதி ஒட்டினார்கள். எத்தனையோ வருடங்களில் வளர்ந்த நம்பிக்கை ஒரு மாதத்தில் ஆட்டம் கண்டது.

பேடிஎம்மும் தன் பங்குக்கு ஒரு அடி கொடுத்திருக்கிறது. வாலட்டைத் தாங்கி நின்ற பேடிஎம் பேமென்ட்ஸ் வங்கி, வாடிக்கையாளரை அடையாளம் சரிபார்க்கும் விதிகளில் தொடர்ந்து சறுக்கியது. புது வாடிக்கையாளர்களைச் சேர்க்காதே என்று 2022 மார்ச்சிலேயே ரிசர்வ் வங்கி தடுத்தது. 2023 அக்டோபரில் 5.39 கோடி ரூபாய் அபராதம் போட்டது. கடைசியாக 2024 ஜனவரி 31-ல் கதவைச் சாத்தியது. மார்ச் 15-க்குப் பிறகு அந்தக் கணக்கிலும் வாலட்டிலும் பணம் போட முடியாது என்றாயிற்று. பங்கு மூன்றே வர்த்தக நாளில் 40 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. ரிசர்வ் வங்கி செய்தது சரி. அடுத்தவர் பணத்தை வைத்திருக்கிறவர்களுக்கு, பலமுறை சொல்லியும் கேட்காத சுதந்திரம் கிடையாது. அந்தச் சில வாரங்கள் அலைந்தது டோல்கேட்டில் ஃபாஸ்டேக் மாற்ற வேண்டியிருந்த லாரிக்காரரும், விற்பனைப் பணம் அந்த வங்கிக்குப் போய்க்கொண்டிருந்த கடைக்காரரும். யுபிஐ பொதுவில் இருந்ததால் கடைகள் மூடவில்லை. பின்னால் ஆக்சிஸ், எச்டிஎஃப்சி, ஸ்டேட் வங்கி, யெஸ் வங்கி வந்து நின்றன. சுவரில் ஒட்டிய அதே தாளில் பணம் வந்துகொண்டிருந்தது. ஒரு தனியார் வாலட்டுக்குள் எல்லாமே அடைபட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

பிடித்தம் நடப்பதே தெரியாத அக்காவைப் போன்றவர்களுக்காகக் கம்பெனிகளிடம் நான் கேட்பது சிறிய காரியம். மாதம் ஒருமுறை ஒவ்வொரு கடைக்காரருக்கும் ஒரு தாள் போக வேண்டும்: மொத்த வரவு, பிடித்த வாடகை, பிடித்த தவணை, பாக்கிக் கடன். தொகையை அறிவிக்கிற மொழியிலேயே அது இருக்க வேண்டும். கடனைப் பொறுத்தவரை இதற்கு விதியே இருக்கிறது. 2024-ல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட உத்தரவின்படி, கடனின் மொத்தச் செலவையும் ஆண்டு வட்டி விகிதத்தையும் சொல்லும் முக்கிய விவர அறிக்கையை, கடன் வாங்குகிறவருக்குப் புரியும் மொழியில் கொடுத்தாக வேண்டும். சிறு தொழில் கடனுக்கும் இது பொருந்தும். கடை வைத்திருக்கிறவர்கள் செயலியில் "சம்மதம்" பொத்தானை அழுத்துமுன் அந்த அறிக்கையைத் தமிழில் கேளுங்கள். தராவிட்டால் முதலில் கடன் கொடுக்கும் நிறுவனத்திடம் எழுத்தில் புகார் செய்யுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது.