தோப்பூர் எய்ம்ஸ்: கட்டும்போதே கணக்குக் கேட்போம்

மதுரை, விருதுநகர், சிவகங்கை, ராமநாதபுரம், தேனி மாவட்டப் பொதுமக்களுக்கு:

2015 மத்திய பட்ஜெட்டில் தமிழ்நாட்டுக்கு எய்ம்ஸ் என்றார்கள். இடம் மதுரை தோப்பூர் என்று முடிவாகவே 2018 ஜூன் ஆகிவிட்டது. அந்த டிசம்பரில் 1,264 கோடி ரூபாய்க்கு அமைச்சரவை ஒப்புதல். 2019 ஜனவரி 27-ல் பிரதமர் அடிக்கல் நாட்டினார். பிறகு பல வருஷம் நாம் கண்டதெல்லாம் சுற்றுச்சுவர்தான். பிரதான கட்டுமானம் தொடங்கியது 2024-ல். 2017 அக்டோபரில் அடிக்கல் நாட்டிய இமாச்சலத்தின் பிலாஸ்பூர் எய்ம்ஸ் 2022 அக்டோபரில் திறப்பு விழாவே கண்டுவிட்டது. அதே வருஷம் நம் எய்ம்ஸின் முதல் 50 மாணவர்கள் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில் ஒண்டுக்குடித்தனம் புகுந்தார்கள்.

இதற்குள் மதிப்பீடு 1,977.80 கோடியாக ஏறிவிட்டது. படுக்கைகள் 750-லிருந்து 900 ஆயின, தொற்றுநோய்ப் பிரிவு சேர்ந்தது, இல்லையென்று சொல்லவில்லை. கூடின 713 கோடிச் சொச்சத்தில் அதற்கு எவ்வளவு, தாமதத்தில் ஏறின விலைவாசிக்கு எவ்வளவு என்று தலைப்பு வாரியாகப் பிரித்துச் சொல்லட்டும். மொத்தச் செலவில் 82 சதவீதம், அதாவது 1,627.70 கோடி, ஜப்பானின் ஜைக்கா நிறுவனம் தரும் கடன். வட்டியும் முதலுமாகக் கட்டப்போவது நம் வரிப்பணம்.

2021 சட்டமன்றத் தேர்தலில், எய்ம்ஸ் என்று வந்தது இவ்வளவுதான் என எதிர்க்கட்சியினர் ஒற்றைச் செங்கல்லைத் தூக்கிக் காட்டியது மேடையில் நன்றாகவே எடுபட்டது. பதிலுக்கு ஆளுங்கட்சிப் பக்கத்தாரும் பேசினார்கள். இரண்டு பக்கத்திலும் யாரும் பில்லைக் கேட்கவில்லை.

தணிக்கை அறிக்கை ஒருநாள் வரும். அதற்குள் ஒப்பந்தக்காரர் கணக்கு முடித்துப் போயிருப்பார். ஆகவே வேலை நடக்கும்போதே கேட்போம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் ஆவண நகலோடு நிற்பதில்லை. 2(ஒ) பிரிவு, அதாவது உரிமைக்கு விளக்கம் தரும் இடம், பணியைப் பார்வையிடவும் பொருள்களின் சான்றளித்த மாதிரியை வாங்கவும் நமக்கு வழிவிடுகிறது. கான்கிரீட் போடும்போது 15 செ.மீ. கனசதுர அச்சில் மாதிரி எடுத்து, 7-ஆம் நாளும் 28-ஆம் நாளும் நசுக்கிப் பார்ப்பார்கள். கியூப் டெஸ்ட் என்பார்கள். அந்தப் பதிவேட்டைக் கேளுங்கள். எந்தக் கட்டம் முடிந்ததற்கு எந்தத் தேதியில் எவ்வளவு பணம் கொடுத்தார்கள், யார் கையெழுத்திட்டார்கள் என்றும் கேளுங்கள்.

மனுவைத் தமிழிலேயே எழுதலாம். 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர் போதும். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதுவும் வேண்டாம். அலுவலகம் மாறிப் போனாலும் கவலையில்லை, 5 நாளில் உரிய இடத்துக்கு அவர்களே அனுப்பியாக வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள். பலர் இங்கேதான் விட்டுவிடுகிறார்கள். ஒருவர் கேட்டால் தொந்தரவுக்காரர் என்று ஒதுக்கிவிடுவார்கள். ஊருக்குப் பத்துப் பேராவது எழுதுங்கள்.

அடுத்த கிராம சபையில், மாதாமாதம் செலவு விவரத்தைக் கட்டுமான வாசலில் தமிழில் பலகை வைத்து எழுத வேண்டுமென்று தீர்மானம் போடச் சொல்லுங்கள். வருகிற பதில்களின் நகலை ஊர் நூலகத்தில் ஒரு கோப்பாகப் போட்டு வையுங்கள்.

இப்படிக்கு,
தோப்பூர் சுற்று வட்டாரப் பொதுமக்கள்