அவுரித் துரைகளின் ராஜபோகம்

வங்காளத்திலும் பீகாரிலும் அவுரித் தொழில் நடத்திய வெள்ளைக்காரத் துரைமார்களின் வாழ்க்கையைப் பற்றிப் பேசுகின்றவர்கள், அவர்களுடைய பங்களாவையும், குதிரைப் பந்தயத்தையும், பன்றி வேட்டையையும், விருந்துகளையும் பற்றியே பிரமாதமாய்ப் பேசுவது வழக்கம். அதில் பொய்யொன்றுமில்லை. துரைமார்கள் அப்படித்தான் வாழ்ந்தார்கள். ஆனால் அந்தப் பங்களாவுக்குப் படி அளந்தவன் யார் என்கின்ற சங்கதியை எடுப்பவர் வெகு சிலரேயாதலால், நாம் அதைப்பற்றிச் சிறிது எழுதுகின்றோம்.

வங்காளத்துக் குடியானவன் நெல் பயிரிட வேண்டிய நல்ல நிலத்தில் அவுரியை விதைக்க வேண்டும். அதற்காக அவனுக்கு பிகா ஒன்றுக்கு இரண்டு ரூபாய் போல முன்பணம் கொடுத்து, முத்திரைக் காகிதத்தில் ஒப்பம் வாங்கிக்கொள்வார்கள். அந்த இரண்டு ரூபாயிலும் காகிதத்துக்கு என்றும், விதைக்கு என்றும், குமாஸ்தா மாமூல் என்றும் பிடித்தம். அறுத்த செடியை அளப்பதும் துரையின் ஆள். விலை வைப்பதும் துரை. வருஷ முடிவில் கணக்குப் பார்த்தால் குடியானவன் பேரில் பாக்கியே நிற்கும். அப்பன் வாங்கிய இரண்டு ரூபாய்க்கு மகனும் அவுரி விதைக்க வேண்டியதுதான்! மாட்டேன் என்றால் மாட்டை ஓட்டிப் போவார்கள். ஆளையும் பிடித்துக் கிடங்கில் அடைப்பார்கள்.

அடைத்தவர்கள் யார்? ஒரு ஜில்லா முழுவதிலும் வெள்ளைக்காரர்கள் ஒரு சிலரே. கணக்கில் புரட்டுச் செய்த குமாஸ்தாவும், நிலத்தை அளந்த அமீனும், தடி எடுத்த அடியாளும் உள்ளூர்க்காரர்களேயாவார்கள். கிராமத்தோடு குடிகளையும் துரைக்குக் குத்தகைக்கு விட்டவர்கள் ஜமீன்தார்கள். இதுமாத்திரமா? 1829-ல் கல்கத்தாவில் கூடிய கூட்டத்தில் துவாரகநாத் தாகூரும் ராம்மோகன் ராயும் அவுரித் துரைகளால் ஜனங்களுக்கு நன்மையே என்று பேசினார்கள். உடன்கட்டையை ஒழிக்கப் பாடுபட்ட ராம்மோகன் ராயிடம் நமக்கு மதிப்பு உண்டு. அதற்காக இதை மறைக்க நாம் தயாராயில்லை.

1859-ல் நதியா, ஜெஸ்ஸூர் ஜில்லாக் குடியானவர்கள் இனி விதைப்பதில்லை என்று ஒரே முடிவாய் நின்றார்கள். சர்க்கார் முதலில் செய்த காரியம் என்ன? ஒப்பந்தத்தை மீறினவனை ஜெயிலில் போட 1860-ல் ஒரு தற்காலிகச் சட்டம் போட்டதுதான். பிறகுதான் விசாரணைக் கமிஷன் வந்தது. தீனபந்து மித்திரர் "நீல தர்ப்பணம்" என்று நாடகம் எழுதினார். அதன் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பை வெளியிட்ட லாங் பாதிரியாருக்கு, துரைமார்களை அவதூறு செய்ததாக 1861-ல் ஒரு மாத ஜெயிலும் 1000 ரூபாய் அபராதமும் கிடைத்தன. மாட்டை ஓட்டியவன் வெளியே. அதைச் சொன்னவன் உள்ளே.

வங்காளத்தில் இத்தொழில் இளைத்த பிறகும் பீகாரில் செழித்தது. சம்பாரனில் 20 கட்டா நிலத்தில் 3 கட்டா அவுரிக்கே என்பது கட்டாயம். 1897-ல் ஜெர்மனியிலிருந்து செயற்கை நீலம் விற்பனைக்கு வந்து விலை விழுந்ததும், துரைமார்கள் நஷ்டத்தைத் தாங்களா ஏற்றார்கள்? "அவுரி விதைக்க வேண்டாம், விடுதலை தருகிறோம், அதற்கு ஈடாக வாரத்தை உயர்த்திக் கொடு, அல்லது மொத்தமாகப் பணம் கட்டு" என்றார்கள். தங்களுக்கே வேண்டாத பயிரை விதைக்காமலிருப்பதற்குக் குடியானவன் கடன் வாங்கிப் பணம் கட்டினான்.

1917-ல் காந்தியார் அங்கு போன பின்பு கமிட்டி உட்கார்ந்து, 1918-ல் சட்டம் வந்து அந்த 3 கட்டாக் கட்டாயம் ஒழிந்தது. மொத்தமாய்ப் பறித்த பணத்தில் 100-க்கு 25 திருப்பிக் கொடுக்கச் சிபாரிசாயிற்று. மீதி 75 துரைமார்களிடமே தங்கிவிட்டது.