பூனை காதைச் சொறிகிறதா? கையில் கிடைத்த மருந்தை ஊற்றாதீர்கள்!

பின்னங்காலைத் தூக்கிக் காதை ‘கரக் கரக்’கென்று சொறிவது, தலையை உதறுவது, சோபா காலில் போய் முகத்தைத் தேய்ப்பது... பூனை இருக்கும் வீடுகளில் இதைப் பார்க்காதவர்கள் குறைவு. ‘பூனைன்னா சொறியத்தானே செய்யும்’ என்று முதல் வாரம் விட்டுவிடுவார்கள். இரண்டாவது வாரம் பாட்டி தேங்காய் எண்ணெய் தடவுவார். மூன்றாவது வாரம் குழந்தையின் கையில் வட்டமாக ஒரு தடிப்பு வந்ததும், ‘முதல்ல இதைக் கொண்டுபோய் எங்கயாவது விட்டுட்டு வாங்க’ என்ற பேச்சு கிளம்பிவிடும்.

பூனையை வீட்டைவிட்டே துரத்தும் இந்தத் தோல், காது பிரச்னைகளில் பெரும்பாலானவை குணமாகக்கூடியவை. ஆனால், பூச்சி, பூஞ்சை, ஒவ்வாமை என்று காரணம் வேறு வேறாக இருந்தாலும், வெளியில் தெரிவது ஒரே மாதிரியான சொறியும் முடி உதிர்வும்தான். அதனால் என்ன பிரச்னை என்று கண்டுபிடித்த பிறகே மருந்து.

காதுக்குள் காபித்தூள்

பகல் வெளிச்சத்தில் பூனையின் காதை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். நல்ல காது வெளிர் இளஞ்சிவப்பாக, வாடையில்லாமல் இருக்கும். உள்ளே காபித்தூளைக் கொட்டியதுபோலக் கருப்பாக, பொடிப்பொடியாக அழுக்கு சேர்ந்திருந்தால் காதுப் பூச்சியாக இருக்கலாம். குட்டிகளுக்குப் பெரும்பாலும் இது தாய்ப்பூனையிடமிருந்தே வந்துவிடும். முட்டையிலிருந்து முழுப் பூச்சியாக வளர ஏறக்குறைய 3 வாரம் ஆகும். அரிப்பு குறைந்ததும் மருந்தை நிறுத்தினால், மிச்சமிருக்கும் முட்டைகள் பொரித்து மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

மருத்துவர் ஓட்டோஸ்கோப் என்ற கருவியால் காதுக்குள் பார்ப்பார். கொஞ்சம் அழுக்கை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் பூச்சி நகர்வதே தெரியும். செலமெக்டின், மோக்ஸிடெக்டின் போன்ற மருந்துகள் இப்போது கழுத்தின் பின்புறத் தோலில் விடும் சொட்டாகவே கிடைக்கின்றன. பூனையின் எடையையும் வயதையும் பார்த்து மருத்துவர் அளவு சொல்வார். வீட்டில் வேறு பூனை, நாய் இருந்தால் அவற்றுக்கும் சேர்த்தே சிகிச்சை தேவை.

கருப்பு அழுக்கு எல்லாமே பூச்சி என்று முடிவு கட்டவும் முடியாது. துர்நாற்றம் வீசினால், மஞ்சளாகச் சீழ் வந்தால் பூஞ்சையோ பாக்டீரியாவோ காரணமாக இருக்கலாம். இளம் பூனைக்கு ஒரு காதில் மட்டும் தொல்லை என்றால் உள்ளே சதை வளர்ந்திருக்கலாம். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தபடி தள்ளாடி நடந்தால், உள்காது வரை பாதிப்பு போயிருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுவது நல்லது. உதறி உதறி ரத்தக்குழாய் உடைந்து, காது மடல் பலூன்போல வீங்குவதும் உண்டு.

காட்டன் பட்ஸ் வேண்டவே வேண்டாம். பூனையின் காதுக் குழாய் ‘எல்’ எழுத்தைப் போல வளைந்திருக்கும். பட்ஸ் அழுக்கை வெளியே எடுக்காது. இன்னும் ஆழமாகத் தள்ளும். செவிப்பறை கிழிந்திருப்பது தெரியாமல் சில வகைச் சொட்டு மருந்துகளை விட்டால் காது கேட்காமலே போகலாம்.

தோலில் மூன்று முகம்

காது ஓரத்தில் சாம்பல் நிறத்தில் தடித்த பொருக்கு தொடங்கி, முகம், கழுத்து, பாதம் என்று பரவினால் அது சொறிப் பூச்சியின் வேலையாக இருக்கலாம். அரிப்பு தாங்க முடியாததாக இருக்கும். தோலை லேசாகச் சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் பார்த்து உறுதி செய்வார்கள். தூக்கிக் கொஞ்சுபவர்களுக்கும் கையில் அரிப்பு வரலாம். பூனை குணமானால் அதுவும் பொதுவாக அடங்கிவிடும்.

காதிலும் முகத்திலும் முன்னங்காலிலும் வட்டமாக முடி கொட்டியிருந்தால் படர்தாமரையைச் சந்தேகிக்க வேண்டும். இது பூஞ்சைத் தொற்று. மனிதர்களுக்கும், குறிப்பாகக் குழந்தைகளுக்கும், எளிதில் ஒட்டும். பெர்ஷியன் போன்ற நீண்ட முடிப் பூனைகள் எந்த அடையாளமும் இல்லாமலேயே இதைச் சுமக்கலாம். ‘வுட்ஸ் லாம்ப்’ விளக்கொளியில் பாதிக்கப்பட்ட முடி பச்சையாக ஒளிரும். ஒளிராவிட்டால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை. முடியை எடுத்து வளர்ப்புச் சோதனைக்கு அனுப்புவார்கள். முடிவு வர 2, 3 வாரம் ஆகலாம். வாய்வழி மருந்தும், உடம்பைக் கழுவும் மருந்தும் பல வாரம் தொடர வேண்டியிருக்கும். முடி முளைத்துவிட்டதே என்று பாதியில் நிறுத்தினால் திரும்ப வரும்.

முதுகின் கடைசியில், வால் தொடங்கும் இடத்தில், தடவிப் பார்த்தால் கேழ்வரகு மணிபோலப் பொருக்குகள் தட்டுப்படுகிறதா? தெள்ளுப்பூச்சிக் கடியால் வரும் ஒவ்வாமையாக இருக்கலாம். பூனை நக்கி நக்கிப் பூச்சியை விழுங்கிவிடுவதால் கண்ணில் படாமல் போகும். சீப்பால் வாரி, விழும் கருப்புத் துகள்களை ஈரமான வெள்ளை டிஷ்யூ பேப்பரில் போடுங்கள். சுற்றிலும் செம்பழுப்பாகக் கரைந்தால் அது பூச்சியின் எச்சம். உள்ளே இருப்பது பூனையின் ரத்தம்.

இவை போக, வெள்ளைக் காது பூனைகளுக்கு இன்னோர் ஆபத்து உண்டு. வருடக்கணக்கில் வெயில் பட்டு, காது நுனியில் ஆறாத புண் வந்தால் அது புற்றுநோயாகவும் இருக்கலாம். ‘சண்டையில் கிழிந்திருக்கும்’ என்று விட்டுவிடக் கூடாது.

மருந்தே விஷமாகும்போது

நாய்க்கு வாங்கிய பூச்சி மருந்தைப் பூனைக்கு விடுவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. நாய்களுக்கான சில சொட்டு மருந்துகளில் பெர்மெத்ரின் இருக்கும். பூனையின் கல்லீரலால் அதை உடைத்து வெளியேற்ற முடியாது. உடம்பு நடுங்கி, வலிப்பு வந்து, உயிரே போகலாம். தெரியாமல் விட்டுவிட்டால், பாத்திரம் கழுவும் சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் கொண்டு அந்த இடத்தைக் கழுவி, துணியில் சுற்றி உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும். மருந்து அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள்.

மண்ணெண்ணெய், கற்பூரம், பினாயில், மனிதர்களுக்கான சிரங்கு லோஷன் எதுவும் கூடாது. பூனை தன் உடம்பை நாக்காலேயே சுத்தம் செய்யும் பிராணி. தோலில் தடவுவது வயிற்றுக்குப் போகும். வலிக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுத்தால் அந்த ஒரு மாத்திரையே கொன்றுவிடலாம். மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் ஸ்டீராய்டு கலந்த க்ரீம் படர்தாமரையை அடக்குவதுபோல் காட்டி, உள்ளுக்குள் பரப்பும். குழந்தையின் தடிப்புக்கும் இதே எச்சரிக்கைதான்: தோல் மருத்துவரிடம் காட்டி, வீட்டில் பூனை இருப்பதைச் சொல்லிவிடுங்கள்.

மருத்துவமனைக்குக் கிளம்பும் முன்

காதைத் துடைக்காதீர்கள், குளிப்பாட்டாதீர்கள். சோதனைக்குத் தேவையான தடயமே அதில்தான் இருக்கிறது. சொறிவதை மொபைலில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். இதுவரை என்னென்ன தடவினீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். அருகிலுள்ள அரசு கால்நடை மருத்துவமனையிலேயே தொடங்கலாம். சென்னையில் இருப்பவர்களுக்கு, 1903-ல் தொடங்கப்பட்ட வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது.

படர்தாமரை என்று உறுதியானாலும் பூனையைத் தெருவில் விட வேண்டியதில்லை. எளிதாகத் துடைக்கக்கூடிய ஓர் அறையில் தனியாக வைத்து, படுக்கைத் துணியைத் துவைத்து, உதிர்ந்த முடியைத் தினமும் அப்புறப்படுத்தி, தொட்டபின் கை கழுவினால் போதும். இந்தப் பூஞ்சையின் வித்துகள் சோபாவிலும் தரைவிரிப்பிலும் ஒரு வருடத்துக்கு மேல்கூட உயிரோடு இருக்கும். பூனையைத் துரத்திவிட்டால் பூனை போய்விடும், பூஞ்சை போகாது. போன பூனையோ அடுத்த தெருவில் இன்னும் நாலு பூனைக்கு ஒட்டவைக்கும்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் இரண்டு நிமிடம் ஒதுக்குங்கள். பூனையை மடியில் வைத்து இரண்டு காதையும் பாருங்கள், வாலடியைத் தடவிப் பாருங்கள். முதல் வாரத்திலேயே கண்ணில் பட்டால், பெரும்பாலும் ஒரு சொட்டு மருந்தோடு முடிந்துவிடும்.